ஹோம் தியேட்டருக்கு 1.5 லட்சம் ரெடியா? அதுக்கு மேல 22,000 ரூபாயைத் தனியா எடுத்து வைங்க



2025 செப்டம்பர் 22-ல இருந்து 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிக்கும் புரொஜெக்டருக்கும் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைஞ்சது உங்களுக்குத் தெரியும். வரிக்கு முன்னாடி 50,000 ரூபாய் விலை உள்ள டிவி, பழைய கணக்குல 64,000. இப்போ 59,000. "மிச்சமாகுற அந்த 5,000 ரூபாயை நல்ல ஸ்பீக்கர்ல போடலாமா சார்?"னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. போன வீடியோவில் "ஸ்பீக்கர்ல போடாதீங்க, வயரிங்ல போடுங்க"ன்னு ஒரே வரியில சொல்லிட்டுப் போயிட்டேன். சிஏ எதுக்கு எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கிறார்னு ஒரு நண்பர் கிண்டல் பண்ணியிருந்தார். நியாயமான கேள்விதான். அதுக்கான பதிலை விவரமா எழுதறேன்.

என்கிட்ட வருமான வரி ரிட்டர்ன் ஃபைல் பண்ற ஒருத்தர். அவர் அனுமதியோட, பேர் சொல்லாம சொல்றேன். ஆழ்வார்பேட்டையில சி.பி. ராமசாமி ரோட்டை ஒட்டின ஒரு தெருவில, 80-களில் கட்டின மூணு மாடி அபார்ட்மென்ட். இவர் இரண்டாவது மாடி. தீபாவளி ஆஃபர்ல 5.1 செட் வாங்கினார். ரிசீவர் 62,000, அஞ்சு ஸ்பீக்கரும் சேர்த்து 58,000, சப்-ஊஃபர் 30,000. மொத்தம் சரியா 1,50,000. இன்ஸ்டலேஷனுக்கு செலவு? பூஜ்யம். பெட்டியோட வந்த மெல்லிசு வயர், பழைய டிவி பாயிண்ட், ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். ரிசீவரைக் கண்ணாடிக் கதவு போட்ட டிவி யூனிட்டுக்குள்ள வச்சு, தலைமேல செட்-டாப் பாக்ஸையும் ஏத்தி வச்சார்.

மூணாவது மாசம், சண்டைக் காட்சி வரும்போதெல்லாம் ரிசீவர் தானா ஆஃப் ஆக ஆரம்பிச்சது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா மறுபடி ஓடும். அப்படியே ஓட்டினார். ஒரு நாள் முன்னாடி இருக்கிற ரெண்டு ஸ்பீக்கர்லயும் ட்வீட்டர் போச்சு. அடுத்த வாரம் ரிசீவரே போச்சு. ட்வீட்டர் மாத்த 9,000, ரிசீவர் ரிப்பேர் 17,500. வாரண்டி கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. ஹோம் இன்ஷூரன்ஸ் கிளெய்ம் ஃபார்மோட அவர் என் முன்னாடி வந்து உட்கார்ந்தப்போதான் எனக்கு இந்தக் கதையே தெரியும். இதுக்கு நடுவுல கீழ் வீட்டு மாமிக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை நின்னு போயிருந்தது.

இதுல எதுவுமே துரதிர்ஷ்டம் இல்லை. எல்லாமே முன்கூட்டியே கணக்குப் போட்டிருக்கக் கூடியது.

வாட்ஸ் கணக்கு: சிடிசியும் கைக்கு வர்ற சம்பளமும்

ரிச்சி ஸ்ட்ரீட்ல நடந்தா 5,000 வாட்ஸ், 10,000 வாட்ஸ்னு பெட்டி மேல ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்க. சின்ன எழுத்துல பிஎம்பிஓ-ன்னு இருக்கும். அது ஆஃபர் லெட்டர்ல வர்ற சிடிசி மாதிரி. கைக்கு வர்ற சம்பளம் ஆர்எம்எஸ். செட்டைத் திருப்பி, பின்னாடி பிளேட்ல "பவர் கன்சம்ப்ஷன்" என்னன்னு பாருங்க. கரண்ட்ல இருந்து 60 வாட்ஸ் இழுக்கிற பெட்டி 5,000 வாட்ஸைத் தொடர்ந்து வெளியே கொடுக்கவே முடியாது.

பெரிய பிராண்ட் ரிசீவர்லயும் இதே விளையாட்டு கொஞ்சம் நாகரிகமா நடக்கும். "ஒரு சேனலுக்கு 150 வாட்ஸ்"னு போட்டிருப்பாங்க. கீழே படிச்சா: 6 ஓம்ஸ், ஒரே ஒரு சேனல் ஓடும்போது, 10 சதவீத டிஸ்டார்ஷனோட. நீங்க பார்க்க வேண்டிய வரி வேற: 8 ஓம்ஸ், 20 ஹெர்ட்ஸ்ல இருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை, ரெண்டு சேனல் ஓடும்போது எவ்வளவு. அங்கே 80-ன்னு இருக்கலாம். அதுதான் உண்மைக்குப் பக்கத்துல இருக்கிற எண்.

சரி, 80 வாட்ஸ் போதுமா? பெரும்பாலான வீடுகளுக்குத் தாராளமா போதும். சாதாரண ஸ்பீக்கரோட சென்சிட்டிவிட்டி 87 டெசிபல்னு வச்சுக்குங்க. அதாவது 1 வாட் கொடுத்தா 1 மீட்டர் தள்ளி 87 டெசிபல். 3 மீட்டர் தள்ளி சோபாவில உட்கார்ந்தா, சுவர்ல பட்டு வர்ற சத்தத்தையும் சேர்த்து, தோராயமா 80. அதுவே நல்ல சத்தம். இதுக்கு அப்புறம்தான் கூட்டுவட்டி மாதிரி ஏறும்: பவரை இரட்டிப்பாக்கினா 3 டெசிபல்தான் கூடும். 10 டெசிபல் கூட்டணும்னா, அதாவது காதுக்கு ரெட்டிப்பு சத்தமா தெரியணும்னா, 10 மடங்கு பவர் வேணும். 1 வாட்ல 80, 10 வாட்ஸ்ல 90, 100 வாட்ஸ்ல 100. அதனால 80 வாட்ஸ் ரிசீவருக்கும் 100 வாட்ஸ் ரிசீவருக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் 1 டெசிபல்தான். அதுக்காக 15,000 ரூபாய் கூடுதலா கொடுக்கிறதுக்கு முன்னாடி யோசிங்க. அதே காசுல 90 டெசிபல் சென்சிட்டிவிட்டி உள்ள ஸ்பீக்கர் கிடைச்சா, அது பவரை ரெட்டிப்பாக்கினதுக்குச் சமம்.

நம்ம ஆழ்வார்பேட்டை நண்பர் வாங்கின ஸ்பீக்கர் 4 ஓம்ஸ். ரிசீவர் பின்னாடி "6 முதல் 16 ஓம்ஸ்"னு அச்சடிச்சிருக்கு. கம்பெனி எதிர்பார்த்ததை விட அதிக கரண்டை அது இழுத்துச்சு, மூடின அலமாரிக்குள்ள சூடாச்சு, தன்னைக் காப்பாத்திக்க ஆஃப் ஆச்சு. அது ஒரு எச்சரிக்கை. திரும்பத் திரும்ப ஆன் பண்ணினது தப்பு. இன்னொரு பக்கம், ஆம்ப்ளிஃபையர் தன் எல்லையைத் தாண்டும்போது சத்தத்தோட அலை மேல தட்டையா வெட்டுப்படும். கிளிப்பிங்னு சொல்வாங்க. அந்தச் சிதைவுல உண்டாகிற கூடுதல் பவர்ல பெரும்பங்கு ட்வீட்டருக்குப் போகும். வாய்ஸ் காயில் எரியும். "பவர் ஜாஸ்தி கொடுத்தா ஸ்பீக்கர் கிழியும்"னு மட்டும்தான் நாம பயப்படறோம். சக்தி பத்தாத ஆம்ப்பைக் கதற விட்டாலும் ஸ்பீக்கர் எரியும். உச்ச சத்தத்துல குரல் கரகரன்னு, கூர்மையா கேட்க ஆரம்பிச்சா உடனே குறைங்க.

ரிசீவருக்கு மேலே அரை அடியாவது காத்தோட்டமான இடம் விடுங்க. கண்ணாடிக் கதவைக் கழட்டிடுங்க. செலவு பூஜ்யம்.

வயர், எர்த், சுவர்

லோடு கணக்கு பார்த்தா ரிசீவர், சப்-ஊஃபர், டிவி எல்லாம் சேர்ந்தும் பெரும்பாலும் 6 ஆம்ப் பாயிண்ட்டே தாங்கும். பழைய வீடுகள்ல பயப்பட வேண்டியது லூஸ் ஆன சாக்கெட், சூடாகிற மட்டமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், எல்லாத்துக்கும் மேல எர்த். 40 வருஷக் கட்டடத்துல மூணு பின் சாக்கெட் இருக்கும், பின்னாடி எர்த் வயர் எங்கேயும் போகாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் இருக்கான்னு அளந்து பார்க்கச் சொல்லுங்க.

இங்கே ஒரு விஷயத்தைத் தனியா சொல்லியே ஆகணும். கேபிள் டிவி ஒயரை மாட்டினதும் ஸ்பீக்கர்ல "ம்ம்ம்"னு ஒரு ஹம் வரும். "எர்த் பின்னைக் கழட்டிட்டா ஹம் போயிடும்"னு யாராவது சொல்வாங்க. போகவும் போகும். ஆனா உள்ளே ஏதாவது லீக் ஆனா, அந்த இரும்புப் பெட்டியைத் தொடற கை உங்க குழந்தையோடதா இருக்கலாம். எர்த்தைக் கழட்டாதீங்க. எல்லாப் பொருளையும் ஒரே போர்டுல இருந்து எடுங்க, கேபிள் ஒயர்ல சின்ன ஐசொலேட்டர் போடுங்க. டிபி பாக்ஸ்ல 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி இல்லைன்னா ஹோம் தியேட்டருக்கு முன்னாடி அதை மாட்டுங்க.

ஸ்பீக்கர் வயருக்கு மீட்டர் 500 ரூபாய்னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு வந்துடுங்க. முழுத் தாமிர வயர், 8 ஓம்ஸுக்கு 1.5 ஸ்கொயர் எம்எம், 4 ஓம்ஸ் இல்ல ரொம்ப தூரம்னா 2.5. அவ்வளவுதான். அலுமினியத்து மேல தாமிர முலாம் பூசினதும் அதே நிறத்துல இருக்கும், சீப்பா இருக்கும். நுனியைச் சுரண்டிப் பாருங்க. கரண்ட் வயர் போற அதே பைப்புக்குள்ள ஸ்பீக்கர் வயரை விடாதீங்க. நுனியில ஒரு இழை தப்பிப் பக்கத்து டெர்மினலைத் தொட்டா ஷார்ட். பனானா பிளக் போட்டா இந்தத் தொல்லை இல்லை.

சுவர்ல மாட்டற ஸ்பீக்கர் 3, 4 கிலோ இருக்கும். செங்கல் சுவர்ல ஃபிஷர் போட்டு மாட்டினா நிக்கும். புது அபார்ட்மென்ட்ல லேசான ஏஏசி பிளாக் சுவருன்னா அதுக்கான ஆங்கரே வேற. ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங்ல எதையும் தொங்க விடாதீங்க. மேலே கான்கிரீட்ல பிடிச்சு இறக்குங்க. சோபாவுக்கு நேர் மேலே வர்ற ஸ்பீக்கருக்கு ரெண்டாவதா ஒரு சின்ன ஸ்டீல் கம்பி கட்டிடுங்க. சப்-ஊஃபர் அதிர்வுல ஸ்க்ரூ மெதுவா லூஸ் ஆகும், வருஷத்துக்கு ஒரு தரம் கை வச்சுப் பாருங்க. தரையில நிக்கிற டவர் ஸ்பீக்கரைச் சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுல சுவரோட பட்டை போட்டுக் கட்டுங்க.

காது

அமெரிக்காவோட தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் நியாஷ் வச்சிருக்கிற வரம்பு: 85 டெசிபல்ல 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி ஆகும். 88-ல 4 மணி, 91-ல 2 மணி, 94-ல 1 மணி, 100-ல வெறும் 15 நிமிஷம். இது ஒரு நாளைக்கான பட்ஜெட். நீங்க சினிமாவில செலவழிச்சதும், பஸ் ஹாரன்ல செலவானதும் ஒரே கணக்குல கழியும். பொழுதுபோக்குக்குக் கேட்கிறதுக்கு உலக சுகாதார நிறுவனம் இன்னும் கறார்: பெரியவங்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல், குழந்தைகளுக்கு 75.

தியேட்டர்ல "ரெஃபரன்ஸ்" அளவுன்னா சராசரி 85, ஒவ்வொரு சேனலும் உச்சத்துல 105, சப்-ஊஃபர் சேனல் 115 வரை. அது பெரிய ஹாலுக்கான அளவு. ரிசீவரோட வர்ற சின்ன மைக்கை வச்சு காலிப்ரேஷன் பண்ணின பிறகு, டிஸ்ப்ளேல வால்யூம் மைனஸ்ல காட்டும். 0-ன்னா தியேட்டர் அளவு. 12-க்கு 15 அடி ஹால்ல மைனஸ் 15-ல இருந்து மைனஸ் 10-க்குள்ளயே சோபா அதிரும். செட்டிங்ஸ்ல "மேக்ஸிமம் வால்யூம்"னு ஒண்ணு இருக்கு, பெரும்பாலானவங்க தொட்டதே இல்லை. அதை மைனஸ் 10-ல நிறுத்துங்க. "பவர் ஆன் வால்யூம்"ஐ மைனஸ் 30-ல வைங்க. பையன் ரிமோட்டைத் தெரியாம அமுக்கினாலும் அதுக்கு மேல போகாது. ஐபோன் வச்சிருக்கவங்களுக்கு நியாஷோட சத்தம் அளக்கிற ஆப் இலவசம். மத்தவங்க 2,000 ரூபாய் சுமாருக்கு ஒரு மீட்டர் வாங்கலாம்.

செவித்துணைக் கருவிக்கு ஜிஎஸ்டி கிடையாது, பூஜ்யம். வரி விஷயத்துல ஆறுதல் அவ்வளவுதான். சத்தத்தால செத்த உள்காது நரம்பு செல்கள் மறுபடி வளராது. படம் முடிஞ்சு காதுல "ங்ங்"னு ரீங்காரம் வந்தா, அன்னிக்கு பட்ஜெட் தாண்டிட்டீங்கன்னு அர்த்தம்.

கீழ் வீட்டு மாமி

ஒலி மாசு விதிகள் 2000-ன்படி குடியிருப்புப் பகுதியில பகல்ல 55, ராத்திரி 45 டெசிபல். ராத்திரின்னா 10 மணியிலிருந்து காலை 6 வரை. உங்க வீட்டு சவுண்ட் சிஸ்டம், உங்க இடத்தோட எல்லையில அதை விட 5 டெசிபலுக்கு மேல கூடுதலா இருக்கக் கூடாது. மருத்துவமனை, பள்ளி, கோர்ட்டைச் சுத்தி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமா அறிவிச்சிருந்தா 50-ம் 40-ம்தான். ஆழ்வார்பேட்டையில எத்தனை மருத்துவமனை, எத்தனை பள்ளின்னு உங்களுக்கே தெரியும். மாதவரம் ஹைரோடு பக்கத்துல ஒரு வழிபாட்டுக் கூடத்து ஒலிபெருக்கி மேல குடியிருப்போர் சங்கம் போட்ட வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய், 2000-ம் வருஷம் ஆகஸ்ட்ல குடியிருப்பவர்கள் பக்கம் தீர்ப்பானது. வழிபாட்டுக்கே அந்த நிலைன்னா, நம்ம சண்டைக் காட்சிக்கு என்ன சொல்லப் போறாங்க?

ஆனா சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். நம்ம நண்பர் மீட்டர் வச்சு அளந்து, "வெளியே 50-தான் காட்டுது, மாமி சும்மா சண்டை போடறாங்க"ன்னார். மீட்டர் பொய் சொல்லலை. அது "ஏ" வெயிட்டிங்ல அளக்குது, மனுஷக் காது மாதிரி அடி சத்தத்தைக் குறைச்சுக் கணக்கு வைக்கும். 50 ஹெர்ட்ஸ்ல 30 டெசிபல் கழிச்சுடும். உண்மையில 80 இருக்கிற சப்-ஊஃபர் அதிர்வு மீட்டர்ல 50-ஆ தெரியும். அது காத்து வழியா மட்டும் போகலை. தரை வழியா, ஸ்லாப் வழியா கீழே இறங்குது. மாமி வீட்டுல எவர்சில்வர் அலமாரி கலகலன்னு ஆடும். 76 வயசு. நெஞ்சு படபடக்குதுன்னு நினைச்சு ரெண்டு தடவை டாக்டர்கிட்ட போயிட்டு வந்திருக்காங்க. இது எங்க நண்பருக்கே ரொம்ப நாள் கழிச்சு வாட்ச்மேன் மூலமா தெரிஞ்சது.

இதுக்கு சுவர்ல ஃபோம் ஒட்டறவங்க நிறைய. 25,000 ரூபாய் கொட்டேஷன் அவருக்கும் வந்தது. ஃபோம் உங்க அறைக்குள்ள எதிரொலியைக் குறைக்கும். சத்தம் வெளியே போறதைத் தடுக்காது. முட்டை அட்டையும் அப்படித்தான். உதவினது இதுதான்: சப்-ஊஃபருக்குக் கீழே கனமான ரப்பர் பேட், மூலையிலிருந்து நகர்த்தி வச்சது, அதன் லெவலை 6 டெசிபல் குறைச்சது, ராத்திரி 9 மணிக்கு மேல ரிசீவர்ல "நைட் மோட்". அது வெடிச் சத்தத்தை அமுக்கி, பேச்சைத் தெளிவாக்கும். எல்லா ரிசீவர்லயும் ஏதோ ஒரு பேர்ல இருக்கு, இலவசம்.

இன்ஷூரன்ஸ் ஏன் கை விரிச்சது

அவர்கிட்ட இருந்தது பாரத் கிரஹ ரக்ஷா. 2021 ஏப்ரல் 1-ல இருந்து ஐஆர்டிஏஐ உத்தரவுப்படி எல்லா ஜெனரல் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் ஒரே வாசகத்தோட விக்கிற வீட்டு பாலிசி. நல்ல பாலிசிதான், எல்லாரும் எடுக்கணும். கட்டடத்துக்கு எடுத்தா, அதோட 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம், வீட்டுப் பொருட்களுக்குத் தானாவே கவர் கிடைக்கும். வாடகைக்கு இருக்கிறவங்க பொருட்களுக்கு மட்டும் எடுக்கலாம். தீ, வெள்ளம், புயல் எல்லாம் உண்டு.

ஆனா விலக்குப் பட்டியல்ல ஒரு வரி இருக்கு. மின்சாரப் பொருள் ஒண்ணு அதிக அழுத்தம், ஷார்ட் சர்க்யூட், தானா சூடாகிறது, மின் கசிவு இதுனால கெட்டுப் போனா, அந்தப் பொருளுக்கு இழப்பீடு கிடையாது. மின்னல் காரணமா இருந்தாலும் அதே கதை. ரிசீவர் எரிஞ்சு தீ பரவி சோபாவும் திரையும் போச்சுன்னா சோபாவுக்கும் திரைக்கும் கிடைக்கும், ரிசீவருக்குக் கிடைக்காது. திருட்டும் இப்படித்தான்: தீயோ வெள்ளமோ நடந்து 7 நாளைக்குள்ள போனா மட்டும். இந்த ரெண்டும் வேணும்னா, எலக்ட்ரிக்கல் பிரேக்டவுன், கொள்ளை கவரைத் தனியா சேர்க்க முடியுமான்னு ஏஜென்ட்டைக் கேட்டு எழுத்துல வாங்குங்க. விலையுள்ள செட் வச்சிருந்தா மட்டும் அந்தப் பிரீமியம் நியாயமாகும். 20,000 ரூபாய் சவுண்ட்பாருக்கு வேண்டாம்.

எந்த கிளெய்முக்கும் பில் வேணும். பில் இல்லாம 50,000-க்கு தர்றேன், பில்லோட 59,000-ன்னு கடைக்காரர் சொன்னா, 9,000 மிச்சம்னு தோணும். வாரண்டியும் கிளெய்ம் ஆதாரமும் அந்த 9,000-க்குள்ளதான் இருக்கு. சொந்தத் தொழில் பண்றவங்க "கம்பெனி ஜிஎஸ்டி நம்பர்ல வாங்கிடவா?"ன்னு கேப்பீங்க. வீட்டு ஹாலுக்கு வாங்கினது சொந்த உபயோகம், சிஜிஎஸ்டி சட்டம் பிரிவு 17(5)-ல கிரெடிட் கிடையாது. நானே சொல்றேன், வேண்டாம்.

நோ காஸ்ட் இஎம்ஐ பத்தியும் ஒரு வரி. 1,20,000 ரூபாயை கார்டுல 12 மாசம், 16 சதவீத வட்டின்னு போட்டா உள்ளே ஒளிஞ்சிருக்கிற வட்டி சுமார் 9,790. அதை டிஸ்கவுன்ட்டா கழிச்சுடுவாங்க, ஆனா அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி சுமார் 1,760 உங்க கைக்காசு. பிராசஸிங் ஃபீ தனி. ஒரு ஆர்சிசிபி விலைக்குக் கிட்டத்தட்ட வருது.

நம்ம நண்பர் ரெண்டாவது தடவை ஒழுங்கா பண்ணினதோட பில் என்கிட்ட இருக்கு. டிபி-யிலிருந்து தனி லைன், எம்சிபி, ஆர்சிசிபி, கூலி எல்லாம் சேர்த்து 7,800. எர்த் சரி பண்ணினதுல அவர் பங்கு 4,500. ஸ்பீக்கர் வயர் 40 மீட்டர் 2,400. பனானா பிளக் 1,200. பிராக்கெட்டும் ஆங்கரும் 2,300. சப்-ஊஃபர் பேட் 1,900. சவுண்ட் மீட்டர் 1,800. மொத்தம் 21,900. முன்னாடியே பண்ணியிருந்தா ரிப்பேருக்குப் போன 26,500 மிச்சம். ஸ்பீக்கரை மட்டும் 8 ஓம்ஸ் மாடலுக்கு எக்ஸ்சேஞ்ச்ல மாத்திக்கிட்டார், அதுல கொஞ்சம் நஷ்டம். எவ்வளவுன்னு சொல்ல மாட்டேங்கறார்.

போன மார்கழியில மாமி மேலே வந்து, அந்த ஹால்லயே உட்கார்ந்து ஒரு கச்சேரி ரெக்கார்டிங் முழுசா கேட்டுட்டுப் போனாங்களாம். வால்யூம் மைனஸ் 22.